கொலுசு கோர்த்துக்கொண்டே கதை கேட்கிறவர் வாசகர் இல்லையா?

லீபஜார் வாசகி எழுதியது:

வணக்கம். சேலத்தில் நாங்கள் சில பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடிப் புத்தகம் பேசுகிறோம். அம்மாபேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடிதான் இடம். தலைவர், செயலாளர் என்றெல்லாம் யாரும் கிடையாது. டீக்கும் தட்டுவடை செட்டுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுவோம், அவ்வளவுதான். போன கூட்டத்தில் நடந்தது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. உங்கள் கருத்து வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். செவ்வாய்ப்பேட்டையில் பல வீடுகளில் நடக்கிற மாதிரி வீட்டோடு கொலுசு வேலை. பட்டறையில் எடை போட்டு வாங்கி வந்து, சலங்கை கோர்த்து, திரும்ப எடை போட்டுக் கொடுக்க வேண்டும். வேலைக்கு உட்கார்ந்துவிட்டால் கண்ணும் கையும் அதற்கே சரியாகப் போய்விடும், காது மட்டும்தான் மிச்சம். எட்டாவது வரை படித்தவர். சின்ன வயதிலிருந்தே மாத நாவல் என்றால் உயிர். வெள்ளெழுத்து வந்த பிறகு, பகல் முழுக்கச் சலங்கையைப் பார்த்த கண்ணால் ராத்திரி சாணித்தாளில் பொடி எழுத்தைப் படிக்க முடியவில்லை. அதனால் கல்லூரியில் படிக்கிற மகள் நாவலைச் சத்தமாகப் படித்து போனில் பதிந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறார். நான்தான் அவரை எங்கள் கூட்டத்துக்கு அழைத்து வந்தேன்.

அன்றைக்கு அவரவர் அந்த மாதம் படித்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா ஒரு துப்பறியும் மாத நாவலைச் சொன்னார். கதையில் ஒரு பெண் இறந்துபோகிறாள், அவளுடைய வெள்ளிக் கொலுசு ஓர் அடகுக் கடையில் கிடைக்கிறது. “கடைக்காரரு எடை மட்டும் போட்டுப் பார்த்துட்டு உடனே காசு குடுத்தாருன்னு எழுதியிருந்துச்சு. டச் என்ன, அதான் வெள்ளி எவ்வளவு சுத்தம்னு கேக்கவே இல்ல. உரசிப் பார்க்கவும் இல்ல. எந்தக் கடைக்காரரு அப்படிக் குடுப்பாரு? அப்பவே எனக்கு அந்த ஆளு மேல சந்தேகம் வந்துருச்சு. அந்தக் கொலுசு அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்ச கொலுசு.” கடைசி அத்தியாயத்தில் அதுதான் உண்மை என்று வருகிறதாம். எழுதியவர் வேண்டுமென்றே வைத்த துப்பா, தெரியாமல் எழுதி அப்படி அமைந்துவிட்டதா என்று அக்காவுக்கு இன்னும் தீரவில்லை. திரும்பவும் அந்த இடத்தை ஓட்டிக் கேட்டிருக்கிறார். வேறு வேலை செய்கிற யாராவது அந்த வரியில் நின்றிருப்பார்களா?

நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போது எங்களில் மூத்தவர், நிறையப் படித்தவர், சொன்னார்: “நல்லா கதை சொல்றீங்கம்மா. ஆனா இங்க நாங்க இலக்கியம் பேசறோம். அதுவும் நீங்க படிக்கலையே, கேட்டதுதானே?” ரெண்டு பேர் சிரித்தார்கள். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “சரிங்க சார்” என்றார். அப்புறம் கூட்டம் முடிகிற வரை பேசவில்லை.

நான் அங்கேயே எதிர்த்துப் பேசினேன். அதற்கு மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் விதிகளே வந்துவிட்டன. மாத நாவலும் செல்போன் தொடர்கதையும் வேண்டாமாம். ஒலிப்புத்தகம் கேட்டுவிட்டு வந்து பேசக் கூடாதாம். மூத்தவர் போடும் பட்டியலிலிருந்துதான் புத்தகம் எடுக்க வேண்டுமாம். அதைப் பார்த்த அக்கா குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

எனக்குக் கோபம் தணியவில்லை. நாங்கள் பாதிப் பேர் முன்னுரையில் இருப்பதையும் யாரோ எழுதிய விமர்சனத்தையும்தான் திருப்பிச் சொல்கிறோம். புத்தகத்துக்குள்ளே போய், ஒரு வரியைப் பிடித்து, இது ஏன் இப்படி என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். லீ பஜாரில் மண்டிக் கணக்கு எழுதுகிற எனக்குக் கணக்கில் ஒரு வரி இடித்தால் தெரியும். அந்த மாதிரி கதையில் இடித்த வரி அவருக்குத் தெரிந்திருக்கிறது. இது வாசிப்பு இல்லை என்றால் வேறு எது வாசிப்பு?

மூன்று கேள்விகள். ஒரு வாசகர் வட்டம் இப்படி விதி போடலாமா? கேட்பது படிப்பதில் சேருமா, சேராதா? அக்காவை எப்படித் திரும்ப அழைப்பது?


அஸ்தம்பட்டி நூலகர் (ஓய்வு) எழுதியது:

அம்மா, நான் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் கேள்விக்கு எங்கள் தொழிலில் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இன்ன வாசகர் உயர்ந்தவர், இன்னார் தாழ்ந்தவர் என்று அதில் எங்கேயும் இல்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். மாத நாவல் படிக்கிறவர் வீட்டிலிருந்தும்தான் அந்த வரி வருகிறது.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எந்தப் புத்தகம் ஊரில் நடமாடுகிறது என்பதற்கு உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டுதான் சாட்சி. நாவல் அலமாரியில் சீட்டு நிரம்பி, அதன் மேல் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று ஒட்டியிருப்போம். முதுகு பிய்ந்து, பைண்டிங் போட்டு, மறுபடி பிய்ந்து போகும். பக்கத்து அலமாரியில் பரிசு வாங்கிய புத்தகங்கள் புது மணத்தோடு இருக்கும். பரிசு பெற்ற புத்தகங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றை எடுக்கிற சிலரும் உண்டு, அவர்களுக்காக அவை இருந்தே ஆக வேண்டும்.

பெண்கள் பலர் நேரில் வரவே மாட்டார்கள். கணவரிடமோ பையனிடமோ துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். ஏற்கெனவே படித்த புத்தகமா என்று தெரிய, ஒரு குறிப்பிட்ட பக்கத்து எண்ணுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார்கள். ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் சின்ன வட்டம், ஒருவர் சாய்ந்த கோடு. ஒரே பக்கத்தில் பல அடையாளங்கள் இருக்கும். விதிப்படி புத்தகத்தில் கிறுக்கக் கூடாது, ஆனால் நான் அவற்றை அழித்ததே இல்லை. எதைப் படித்தோம் என்று இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைக்கிற பேராசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சில ஆண்கள் மேசைக்கு வரும்போது கனமான கட்டுரைப் புத்தகத்துக்கு அடியில் துப்பறியும் நாவலை மறைத்துக் கொண்டு வருவார்கள். எதற்கு அந்தக் கூச்சம்? யாரோ எப்போதோ சிரித்திருக்கிறார்கள், வேறென்ன.

இந்தச் சிரிப்பும் பழையது. சென்னையின் பழைய குஜிலிச் சந்தைக் கடைகளில் மலிவாக விற்ற பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களைக் கற்றவர்கள் தொடவே கூசினார்கள். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவர்களுக்கு அந்தப் பெரிய எழுத்துதான் கைகொடுத்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு எழுதிய துப்பறியும் நாவல்கள் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்று திட்டினார்கள். இன்றைக்கு ஆராய்ச்சி மாணவர்கள் அதே நாவல்களைத் தேடி அலைகிறார்கள். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. வாரா வாரம் கிழித்துச் சேர்த்து வீட்டில் தைத்து வைத்தார்கள். தொடர்கதை என்றாலே மட்டம் என்று அன்றைக்கும் சொன்னவர்கள் உண்டு. இன்று அதே கதையைக் கெட்டி அட்டையில் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்தால் இலக்கிய ரசனை என்கிறோம்.

அந்த மூத்தவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவர் கையில் எடுத்த முதல் கதைப் புத்தகம் எது?


சேர்வராயன் மலை ஆசிரியர் எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஏற்காட்டில் தமிழ் நடத்துகிறவன்.

அந்த அக்காவிடம் பேசிய விதம் தவறு. அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் ஒரு வட்டம் தனக்கென்று புத்தகம் தேர்ந்தெடுப்பதே திமிர் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். சி.சு.செல்லப்பா 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ பத்திரிகையை நடத்தினார். மிகக் குறைந்த பிரதிகள்தான் போயின. புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். தமிழில் புதுக்கவிதை காலூன்றியதற்கு அந்தச் சின்னக் கூட்டமும் ஒரு காரணம். எல்லாம் ஒன்றுதான், எது விற்கிறதோ அதுவே போதும் என்று அவரும் இருந்திருந்தால் நமக்கு நஷ்டம். கஷ்டமான புத்தகத்தைக் கூடி உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும். தனியாகப் படித்தால் பாதியில் மூடி வைத்துவிடுவோம்.

மூத்தவர் அந்த நாவலைப் படித்துவிட்டு, நடை தட்டை, பாத்திரம் பொம்மை என்று சொல்லியிருந்தால் அது விமர்சனம். அக்காவும் பதில் சொல்லியிருப்பார், நல்ல சண்டையாக இருந்திருக்கும். படிக்காமலே அட்டையைப் பார்த்து ஒதுக்கியதைத்தான் நான் எதிர்ப்பேன்.

இன்னொன்றும் பார்க்கிறேன். மலைக் கிராமங்களிலிருந்து வருகிற பிள்ளைகளில் சிலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறார்கள். வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்துவார்கள். பக்கத்தில் இருக்கிற டவுன் பையன் சிரித்தால், அந்தப் பிள்ளை அடுத்த நாள் விரலை எடுத்துவிடுகிறது. விரலை எடுத்ததும் வரி தவறுகிறது. வரி தவறியதும் படிப்பே பிடிக்காமல் போகிறது. அதனால் என் வகுப்பில் எல்லோரும் விரல் வைத்துத்தான் படிக்க வேண்டும், நான் உட்பட.


லீபஜார் வாசகி:

ஆசிரியர் ஐயா, நீங்கள் சொல்வது எனக்கும் சம்மதம். கஷ்டமான புத்தகங்களும் வேண்டும். அந்த வட்டத்துக்குப் போகவில்லை என்றால் நான் சில புத்தகங்களைத் தொட்டிருக்கவே மாட்டேன். அக்காவும் அவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. போன வருடம் நாங்கள் பேசிய ஒரு கனமான நாவலை மகளைப் படிக்க வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். ‘கேட்டவர் பேசக் கூடாது’ என்ற விதி அந்த வழியையும் சேர்த்து அடைக்கிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.


சூரமங்கலம் செவிவாசகன் எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வங்கியில் வேலை செய்கிறேன். இந்தப் பக்கத்தையும் திரைவாசிப்பான், அதாவது திரையில் இருக்கும் எழுத்தைச் சத்தமாகப் படிக்கும் மென்பொருள், படித்துக் காட்டித்தான் கேட்டேன்.

பள்ளியிலிருந்து பட்டப்படிப்பு வரை பாதி பிரெயிலில் படித்தேன், மீதி நண்பர்கள் வாசித்துக் காட்டினார்கள். பரீட்சையில் நான் சொல்ல, இன்னொருவர் எழுதினார். பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தபோது ‘கேட்டுத் தேறியவர்’ என்று தனியாகப் போடவில்லை. வங்கித் தேர்விலும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. மொட்டை மாடியில் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

2012-இல் நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காகப் புத்தகத்தை ஒலியாகவோ வேறு வடிவமாகவோ மாற்ற வழி செய்தார்கள். 2013-இல் மராக்கேஷ் நகரில் இதற்காகவே ஓர் உலக ஒப்பந்தம் உருவானது. அதை முதன்முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014-இல். உலகமே இதை வாசிக்கும் உரிமை என்று பேசுகிறது.

சும்மா காதில் விழுவதற்கும் படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பஸ்ஸில் ஓடுகிற பாட்டு மாதிரி கதையை ஓட விட்டால் ஒன்றும் நிற்காது. ஆனால் கண்ணால் பக்கத்தைப் புரட்டுகிறவரும் நினைப்பை எங்கேயோ வைத்துக்கொண்டு புரட்டலாம். எனக்குப் பிடிக்கிற புத்தகத்தை மெதுவான வேகத்தில் வைப்பேன். ஒரு வாக்கியம் பிடிபடவில்லை என்றால் பின்னால் போய், சொல் சொல்லாக, வேண்டுமானால் எழுத்து எழுத்தாகக் கேட்பேன். செய்தித்தாள் என்றால் மற்றவர்களுக்குப் புரியாத வேகத்தில் ஓட விடுவேன். அக்கா அந்த அடகுக்கடை இடத்தைத் திரும்ப ஓட்டிக் கேட்டார் என்றீர்களே, அது படிப்புத்தான். எங்களுக்கு அது தினசரி வேலை.

தமிழில் எங்களுக்கு உள்ள கஷ்டம் வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைத் திறந்தால் பார்ப்பவர்களுக்குத் தமிழ் தெரியும், எனக்கு ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். யூனிகோடில் இருந்தால்தான் தமிழாகக் கேட்கும். படம் பிடித்துப் போட்ட பிடிஎப் என்றால் மௌனம்தான். மாத நாவல்களில் பெரும்பாலானவை எனக்கு அப்படித்தான் கிடைக்கின்றன. அந்த அக்காவுக்கு ஒரு மகள் இருக்கிறாள், அதிர்ஷ்டசாலி. அந்தப் பொண்ணு பதிந்ததை எனக்கும் தருவாளா என்று கேட்டுச் சொல்லுங்கள். உண்மையாகவே கேட்கிறேன்.


குகை தறிவீட்டுப் பையன் எழுதியது:

சட்டம் வரைக்கும் போக வேண்டாங்க. எங்கள் வீட்டில் கைத்தறி ஓடியது. தாத்தா நெய்வார், பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து தினத்தந்தியைச் சத்தமாகப் படிப்பார். நாலு வீட்டுக் காது அங்கேதான் இருக்கும். சி.பா.ஆதித்தனார் 1942-இல் அந்தப் பேப்பரை ஆரம்பித்தபோது எளிய தமிழில், எழுத்துக் கூட்டுகிறவனுக்கும் புரியும்படிதான் எழுத வைத்தார். கொச்சை என்று அதையும் சொன்னார்கள். கட்சிப் படிப்பகங்களிலும் டீக்கடைகளிலும் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டுத்தான் ஊரில் அரசியல் பேச்சே வளர்ந்தது.

எங்கள் தெருவில் அது நின்றதற்குக் காரணம் விசைத்தறி. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. தாத்தாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் எந்தத் தலைவர் எந்த ஊரில் என்ன பேசினார் என்று தேதியோடு சொல்வார். அவரைப் படிக்காதவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.


லீபஜார் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. நூலகர் ஐயா, நீங்கள் சொன்ன கேள்வியை மூத்தவரிடம் தனியாகக் கேட்டேன். கூட்டத்தில் வைத்துக் கேட்டிருந்தால் அவருக்கும் முகம் சுண்டிப் போயிருக்கும். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அம்புலிமாமா என்றார். வீட்டில் வாங்க வசதியில்லை, முடிவெட்டுகிற கடையில் முறை வருவதற்குள் படித்து முடிப்பாராம். விதிகளை இன்னும் எடுக்கவில்லை. “அடுத்த கூட்டத்தில் பேசலாம்” என்றிருக்கிறார். கேட்கிற விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அந்த விதி போகவில்லை என்றால் வேறு மாடி பார்ப்பேன், சேலத்தில் மாடிக்கா பஞ்சம்?

அக்காவிடம் நேற்று பேசினேன். கூட்டத்துக்கு வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சூரமங்கலம் அண்ணா கேட்டதைச் சொன்னதும் உடனே மகளைக் கூப்பிட்டார். பதிவுகள் எல்லாம் இருக்கிறதாம், சிலதில் குக்கர் விசில் சத்தமும் வரும், பரவாயில்லையா என்று கேட்கிறாள். எப்படி அனுப்புவது? புத்தகத்தையே எழுத்தாக மாற்ற முடியுமா என்றும் கேட்டாள்.


சூரமங்கலம் செவிவாசகன்:

விசில் வந்தால் வரட்டும், தாராளமாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தாக மாற்ற, பக்கங்களை நிழல் விழாமல், வரி வளையாமல் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸ் கோப்பாகத் திறக்கச் சொல்லுங்கள். சாணித்தாள் என்பதால் பின்பக்க எழுத்து தெரியும், பக்கத்துக்கு அடியில் ஒரு கறுப்புத் தாள் வைத்து எடுத்தால் குறையும். துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுக்கொன்று மாறி வரும். அவற்றை மட்டும் யாராவது கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். முதலில் அந்த அடகுக்கடை நாவல். முடிவைத்தான் இங்கேயே சொல்லிவிட்டீர்கள், இருந்தாலும் அந்தக் கடைக்காரர் பேசுகிற இடத்தை நானும் ஒரு முறை கேட்க வேண்டும்.